மெழுகு முகத்தின் ஏழு காணி

ரோமாபுரியில் ஏழை ஒருவனுக்கு நியாயம் வேண்டுமென்றால் அவன் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது. ஒரு பெரிய மனிதரின் வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும். தினமும் போக வேண்டும். டோகா என்கிற அந்தப் பன்னிரண்டு முழக் கம்பளிப் போர்வையைக் கோடையிலும் உடம்பில் சுற்றிக்கொண்டு, வியர்த்து வடிய வரிசையில் நின்று, "வணக்கம் எஜமான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வர வேண்டும். இதற்குக் குடியரசு என்று பெயர். மன்னரைத் துரத்திவிட்டோம், இனி ஒருத்தன் முன்னாலும் தலைகுனிய மாட்டோம் என்று எங்கள் முன்னோர்கள் சபதம் போட்டு நானூற்றுச் சொச்சம் வருஷம் ஆகிறது. அந்தச் சபதத்தை நாங்கள் மீறவில்லை. இப்போது ஒருத்தன் முன்னால் குனிவதில்லை, முந்நூறு பேர் முன்னால் குனிகிறோம்.

ஓப்பியஸ் அப்படி ஐந்து வருஷம் நின்றான். அவன் துணி வெளுப்பவன். தெருமுனைப் பானைகளில் ஊரார் பெய்துவிட்டுப் போகிற மூத்திரத்தைச் சுமந்து வந்து தொட்டியில் ஊற்றி, அதில் டோகாக்களை ஊறப்போட்டு, இறங்கி நின்று காலால் மிதிமிதியென்று மிதித்து, வெள்ளை மண் பூசிக் காயவைப்பான். தேர்தலுக்கு நிற்கிற கனவான்கள் தூய்மையைப் பற்றிப் பேசும்போது மேலே பளபளக்கிறதே, அந்த வெண்மை எந்தத் தொட்டியிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் அவன் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வது அவர்கள்தான்.

அவன் கேட்டதெல்லாம் ஏழு காணி நிலம். மலையடிவாரத்தில் அவன் அப்பா உழுத நிலம். தம்பி போஸ்டுமஸ் அதில் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அவனைப் படைக்குப் பிடித்துப் போய், குடியரசைக் காப்பாற்றச் சொல்லி ஸ்பெயினில் ஒன்பது வருஷம் வைத்திருந்தார்கள். அவன் குடியரசைக் காப்பாற்றிவிட்டு ஊருக்கு வந்தபோது எல்லைக்கல்லுக்குக் கால் முளைத்திருந்தது. பக்கத்துப் பண்ணை அவன் நிலத்தை விழுங்கி ஏப்பமும் விட்டிருந்தது. இப்போது தன் நிலத்து ஓரத்தில் ஒரு ஆட்டுக்கொட்டகையில் படுத்துக்கொண்டு, அப்பா வைத்த ஆலிவ் மரங்களைப் பண்ணை அடிமைகள் உலுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பண்ணை ஸ்பூரியஸ் செர்வினியஸுடையது. ஓப்பியஸ் தினமும் காலையில் வணக்கம் சொல்லப் போன வீடும் அதே ஸ்பூரியஸ் செர்வினியஸுடையதுதான். ஓப்பியஸின் அப்பா, தாத்தா எல்லாரும் அந்த வீட்டு ஆட்கள். வீட்டு ஆளுக்காக நீதிமன்றத்தில் பேசுவது எஜமானின் புனிதக் கடமை.

"ஓப்பியஸ், என் நெலமையக் கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்று ஒருநாள் ஸ்பூரியஸ் அவன் தோளுக்கு ஒரு சாண் மேலே, தொடாமல், கையை வைத்துச் சொன்னார். "உனக்காகப் பேச வேண்டியவன் நான். உன்னை எதிர்த்துப் பேச வேண்டியவனும் நான். ரெண்டு கடமை! ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. நீ என்னடான்னா உன் கஷ்டத்தையே பேசிட்டிருக்கே."

ஓப்பியஸ் எஜமானுக்குத் தூக்கம் கெட்டதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி ருஃபில்லா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மன்னிப்பா? கேட்டியா? அவன் உன் கோவணத்தை உருவினாலும், கை வலிக்குதா எஜமான்னு கேப்பே நீ."

அந்த வருஷம் ஸ்பூரியஸ் கான்சல் பதவிக்குப் போட்டியிடுவதாக இருந்தது. பதவிகளில் அதுதான் உச்சாணிக் கொம்பு. அந்தச் சமயம் பார்த்து அவருடைய பெரியப்பா செத்துப்போனார். தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பெரியப்பா சாவது எல்லாருக்கும் கிடைக்கிற பாக்கியமல்ல. ஏனென்றால் எங்கள் பெரிய குடும்பங்களில் ஒருவர் செத்தால் அவர் மட்டும் ஊர்வலம் போவதில்லை. அந்தக் குடும்பத்தில் பதவி வகித்துச் செத்த அத்தனை பேரும் கூடப் போவார்கள். அவர்கள் முகத்தை மெழுகில் அச்செடுத்துக் கூடத்து அலமாரியில் வைத்திருப்பார்கள். வாடகைக்கு ஆள் பிடித்து, ஒவ்வொருவனுக்கும் ஒரு மூதாதையின் முகத்தை மாட்டி, அந்த மூதாதை வகித்த பதவியின் உடையைப் போர்த்தி, கோடாரிக் கட்டு ஏந்திய காவலர்கள் முன்னால் போக, ரதத்தில் ஏற்றி அனுப்புவார்கள். பிணம் ஒன்று, பிரச்சாரம் பதினேழு.

சவ ஏற்பாட்டுக்காரன் ஹிலாரஸ் முற்றத்து வரிசையை ஒரு நோட்டம் விட்டான். ஓப்பியஸிடம் வந்ததும் நின்றுவிட்டான்.

"யோவ், கொஞ்சம் நடந்து காட்டு."

ஓப்பியஸ் நடந்தான். ஈரத்துணி சுமந்து சுமந்து அவனுக்கு இடது தோள் இறங்கிப்போயிருந்தது.

"எஜமான்! கெடச்சிட்டாரு!" என்று ஹிலாரஸ் கத்தினான். "மாமெர்க்கஸ் ஐயா! அதே ஒசரம், அதே தோளு! வழக்கமா வர்றவன் குடிச்சுக் குடிச்சுத் தொப்பை போட்டுட்டான். எளிமைக்குப் பேர்போன மனுஷருக்குத் தொப்பை வச்சா நல்லாவா இருக்கும்?"

மாமெர்க்கஸ் செர்வினியஸ் என்றால் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் கான்சலாக இருந்தவர். எதிரிகள் தங்கத்தைக் கொண்டுவந்து காலடியில் கொட்டியபோது, மரக்கிண்ணத்தில் அவித்த மொச்சையைத் தின்றபடியே, "எனக்கு ஏழு காணி போதும். அதற்கு மேல் கேட்கிறவன் ரோமானியன் அல்ல, கொள்ளைக்காரன்" என்று சொல்லி அனுப்பியவர். அந்தக் கொள்கையை அந்தக் குடும்பம் இன்றுவரை காத்து வருகிறது. வாசலில் பொறித்தும் வைத்திருக்கிறது. அந்த வாசலிலிருந்து குதிரையேறினால் பண்ணையின் அந்தக் கோடிக்குப் போய்ச்சேர ஒன்றரை நாள் ஆகும்.

"எனக்கு வேஷமெல்லாம் வராதுங்க" என்றான் ஓப்பியஸ். "கூத்தாடிங்களுக்கு நீதிமன்றத்துல வாயே கெடையாதும்பாங்க. எனக்கு ஒரு வழக்கு இருக்கு."

ஸ்பூரியஸுக்கு மனம் நொந்துவிட்டது. "கூத்தாடியா? என் மூதாதை முகத்தை உன் மூஞ்சியில வைக்கச் சொல்றேன்பா. பெத்த புள்ளைக்குக்கூட நான் தராத மரியாதை. இதை முடிச்சுக் குடு. அடுத்த சந்தை நாளே உன் வழக்கை எடுக்கச் சொல்றேன். இது ஒரு செர்வினியஸோட வாக்கு."

ஐந்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு தேதி கிடைத்தது. ஓப்பியஸ் சரியென்று தலையாட்டினான். ஹிலாரஸ் அவன் உள்ளங்கையில் ஒரு செப்புக்காசை வைத்து அழுத்தினான்.

"எதுக்குங்க இது?"

"சடங்குப்பா. சும்மா மாட்டினா செத்தவங்க கோவிச்சுக்குவாங்க."

மூன்று நாள் ஒத்திகை நடந்தது. எப்படி உட்கார வேண்டும், எப்படித் தங்கத்தை அலட்சியமாகப் பார்க்க வேண்டும், எப்படி மொச்சையை மெல்ல வேண்டும் என்று ஹிலாரஸ் சொல்லிக் கொடுத்தான். கையில் பிடிக்க ஒரு மரக்கிண்ணம் தந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மரம். "பத்திரம்யா, அதோட வெலைக்கு நீ வாடகைக்குக் குடியிருக்கிற கட்டடத்தையே வாங்கலாம்" என்றான் ஹிலாரஸ். மெழுகு முகத்தை அலமாரியிலிருந்து எடுத்தபோது மூக்கு மட்டும் புதிதாக இருந்தது. போன தேர்தலின்போது ஸ்பூரியஸின் மூக்கைப் போலவே அதைத் திருத்தியிருந்தார்கள். மூதாதை மெல்ல மெல்லப் பேரனின் ஜாடைக்கு வந்துகொண்டிருந்தார். மூதாதையின் வாயில் ஒரே ஒரு வசனம். அதுதான் அந்த ஏழு காணி வசனம். அதை ஓப்பியஸ் நூறு தடவை சொல்லிப் பார்த்தான்.

ஊர்வல நாளன்று அவனுக்குப் போர்த்திய ஊதாக்கரை டோகாவைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. போன மாதம் அவன் தொட்டியில் மிதித்த துணிதான். அதைப் போர்த்திக்கொண்டு முகத்தை மாட்டியதும் ஊரே மாறிப்போனது. தினமும் அவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் ஒதுங்கி நின்று குனிந்தார்கள். பொதுமன்றத்தில் யானைத்தந்த நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. அவன் உட்காரப் போனபோது இரண்டு கான்சல்களும் எழுந்து நின்றார்கள். ஐந்து வருஷமாக அவன் மனுவை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காத நீதிபதி நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கினார். மெழுகுக்குள்ளே ஓப்பியஸுக்கு வியர்த்தது. யாருக்கு இந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்பூரியஸ் மேடையேறினார். பெரியப்பாவைப் பற்றி இரண்டு வரி சொன்னார். மிச்சமெல்லாம் வேறு.

"ரோமாபுரிப் பெருமக்களே! எங்கள் வீட்டில் நாங்கள் பதவியைத் தேடியதில்லை. பதவிதான் எங்களைத் தேடி வந்திருக்கிறது, பதினேழு முறை! வேறு வீட்டுக்கு அதற்கு வழி தெரியவில்லை, நாங்கள் என்ன செய்வது? நிலம் வேண்டும் என்று நான் கேட்டதுண்டா? ஒருமுறைகூடக் கேட்டதில்லை! கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லாத அளவுக்கு நாட்டுக்காக உழைக்கிறேன்! ஏழையின் கண்ணீரை நான் அறிவேன். தினமும் காலையில் என் முற்றத்தில் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். இதோ, மாமெர்க்கஸ்! அவர் வாயாலேயே கேளுங்கள்!"

ஓப்பியஸ் எழுந்தான். கிண்ணத்தை உயர்த்தினான். "எனக்கு ஏழு காணி போதும். அதற்கு மேல் கேட்கிறவன் ரோமானியன் அல்ல, கொள்ளைக்காரன்."

கூட்டம் ஆரவாரித்தது. அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் தம்பி நிற்பது முகமூடியின் கண்துளை வழியாகத் தெரிந்தது. ஒரு நாள் முழுக்க நடந்து வந்திருந்தான். கால் புழுதி. உட்காரத் திரும்பிய ஓப்பியஸின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"பேராண்டி! மலையடிவாரத்துல ஒரு படைவீரனோட ஏழு காணிய எடுத்துக்கிட்டியே, அதைத் திருப்பிக் குடுறா!"

குழல் ஊதுகிறவன் பாதியில் நிறுத்திவிட்டான். மாரடிக்க வந்த கூலிப் பெண்கள் அடிக்க ஓங்கிய கையோடு நின்றார்கள். ஹிலாரஸ் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பூரியஸ் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அழுதார். அழ வேண்டிய இடத்தை அவர் வாழ்க்கையில் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

"கேட்டீர்களா? என் மூதாதை கேட்கிறார்! கேட்டவருக்கு இதோ கொடுத்தேன்! தெய்வங்கள் சாட்சி, நீங்கள் சாட்சி! அந்த ஏழு காணி இனி என்னுடையதல்ல!"

பொதுமன்றம் அதிர்ந்தது. கிழவர்கள் அழுதார்கள். யாரோ ஒருவன், "இவர்தாண்டா கான்சல்!" என்று கத்தினான். இது நல்ல சகுனம் என்று ஒரு பூசாரி ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் முதலில் ருஃபில்லா நம்பவில்லை. பிறகு அவன் கன்னத்தில் மெழுகு ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவன் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். "நீயாடா பேசினே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தம்பி அன்றைக்கே ஊருக்கு ஓடினான். ஏர் இல்லை, மாடு இல்லை, மண்வெட்டியால் ஒரு காணியைக் கொத்தி மொச்சை விதைத்துவிட்டான் என்று நாலு நாள் கழித்துச் சேதி வந்தது. அந்த ஒரு வாரம் ஓப்பியஸ் தொட்டியில் மிதித்துக்கொண்டே பாடினான்.

சந்தை நாள் வந்தது. ஸ்பூரியஸ் வாக்குத் தவறாதவர். வழக்கு முதல் வழக்காக எடுக்கப்பட்டது. தம்பியும் வந்து பக்கத்தில் நின்றான்.

"நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சு, நீதிபதி அவர்களே" என்றார் ஸ்பூரியஸ். "ஊரறியக் கொடுத்தது."

"அப்ப எங்க பேர்ல எழுதிடுங்க எஜமான்" என்றான் ஓப்பியஸ், நன்றியோடு கைகூப்பி.

"உங்க பேர்லயா?" ஸ்பூரியஸுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "ஓப்பியஸ், கேட்டது யாரு? மாமெர்க்கஸ். நான் கொடுத்தது யாருக்கு? கேட்டவருக்கு. அவரு அஸ்தியையும் மெழுகு முகத்தையும் நேத்து அங்கே கொண்டுபோய் வச்சு, பூசாரியை விட்டு மந்திரம் சொல்லி, சுத்தி வேலி போட்டாச்சு. இனி அது செத்தவங்க பூமி. மனுஷன் யாரும் அதுல கால் வைக்கக் கூடாது. நானே வைக்க மாட்டேன்னா பாத்துக்கோயேன்!"

"அண்ணே, அதுல நான் வெதச்சிருக்கேன்" என்று தம்பி மெல்லச் சொன்னான்.

"அதுக்கு அபராதம் போடலாம், புனித பூமியைக் கொத்தினதுக்கு" என்றார் நீதிபதி. "ஆனா படைவீரன். முதல் தடவைங்கிறதால விட்டுடறேன்."

ஓப்பியஸ் கத்தினான். "ஐயா, கேட்டது மூதாதை இல்லைங்க! நான்! நான் கேட்டேன்! முகத்துக்குள்ள நான்தானே இருந்தேன்!"

நீதிமன்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நீதிபதி முன்னால் சாய்ந்தார். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பேசினது நீயா?"

"நான்தாங்க."

"மூதாதை வேஷத்துல?"

"ஆமாங்க."

"கூலி வாங்கினியா?"

ஓப்பியஸ் வாயைத் திறந்தான். ஓரமாக நின்ற ஹிலாரஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு காசுங்க. சடங்குக்கு" என்றான்.

"அப்படின்னா கூலிக்கு வேஷம் கட்டினவன்" என்றார் நீதிபதி, பெருமூச்சோடு. "கூத்தாடி. கூத்தாடி வழக்குப் போட முடியாது, சாட்சி சொல்ல முடியாது, அடுத்தவனுக்காகப் பேசவும் முடியாது. உன் தம்பிக்காக நீ இவ்வளவு நேரம் பேசினதே தப்பு. பேசினது மாமெர்க்கஸ்னா, நிலம் மாமெர்க்கஸுக்கு. பேசினது நீன்னா, இந்த மன்றத்துல யாரும் பேசவே இல்லை. ரெண்டுல எது வேணும், நீயே சொல்லு. குடியரசு யாரையும் கட்டாயப்படுத்தாது."

"ஐயா, அன்னிக்கு நீங்க எந்திரிச்சு நின்னு கும்பிட்டீங்களே!"

"மெழுகைக் கும்பிட்டேன்" என்றார் நீதிபதி. "மெழுகு வேற, நீ வேற. இந்தச் சின்ன வித்தியாசம் புரியாததாலதான் உங்க ஆளுங்க முன்னுக்கு வர்றதில்லை."

ஸ்பூரியஸ் கிட்ட வந்து, அவன் தோளுக்கு ஒரு சாண் மேலே கையை வைத்தார். "மனசைத் தளர விடாதே. வருஷா வருஷம் அந்த வேலிக்கு வெளியே திருவிழா நடத்தப் போறேன். மாமெர்க்கஸ் வேஷத்துக்கு நீதான். இனிமே உனக்கு அதுல இழக்க ஒண்ணுமில்லையே."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் சகிக்க முடியாதது. துரோகம் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறவனைக் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இவர்களோ நம் கோவணத்தை உருவிக்கொண்டு, குளிருமே என்று கவலையும் படுகிறார்கள்.

போஸ்டுமஸ் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பிப் போக ஆட்டுக்கொட்டகையும் இல்லை, அது வேலிக்குள்ளே போய்விட்டது. அண்ணனுடைய தொட்டியில் இறங்கி மிதிக்க ஆரம்பித்தான். முதல் நாள் வாசனை தாங்காமல் வாந்தியெடுத்தான். இரண்டாம் நாள் பழகிவிட்டது.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் ஸ்பூரியஸ் வீட்டு ஆள் ஒரு டோகாவைக் கொண்டுவந்து போட்டான். "எஜமான் இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுக் கேக்கப் போறாரு. பனி மாதிரி இருக்கணும்னாரு."

அவன் போனதும் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கிழிச்சுடலாமாண்ணே?" என்றான் தம்பி.

"கிழிச்சா வேற வாங்கிக்குவாரு" என்றான் ஓப்பியஸ். "உன்னையும் என்னையும் சிலுவையில ஏத்துவாரு. தொட்டியில போடு."

தெருமுனைப் பானைகளில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து ஊற்றினார்கள். போதாதென்று இரண்டு பேரும் தொட்டி விளிம்பில் நின்று தங்கள் பங்கையும் பெய்தார்கள். ருஃபில்லா வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய், வீட்டுப் பானையைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டுப் போனாள். பிறகு இருவரும் இறங்கி மிதித்தார்கள். இந்த ஊரில் ஒரு பெரிய மனிதனை ஏழை மிதிப்பதற்கு அனுமதி உள்ள இடம் அது ஒன்றுதான். தோள் இருக்கும் இடத்தில் ஒரு மிதி, நெஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு மிதி. காலையில் தொடங்கி வெயில் சாயும் வரை, சோற்றுக்குக்கூட ஏறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, மொச்சை விதைத்த ஒரு காணிக்காகவும் மிச்சம் ஆறு காணிக்காகவும் மிதித்தார்கள்.

தேர்தலன்று ஸ்பூரியஸ் செர்வினியஸ் பொதுமன்றத்தில் வந்து நின்றபோது கூட்டத்துக்குக் கண் கூசியது. அப்படி ஒரு வெண்மையை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லையாம். மாமெர்க்கஸின் ஆவியே வந்து போர்த்திவிட்டது என்று பூசாரி சொன்னார். ஸ்பூரியஸ் ஒரே மூச்சில் ஜெயித்தார்.

மறுநாள் காலையில் ஓப்பியஸின் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. செனட்டர்கள் வீட்டு டோகாக்கள், நாற்பதுக்குக் குறையாது. எல்லாருக்கும் அதே மாதிரி வேண்டுமாம்.